முதல் லோடுக்கு ஒரு சுழி

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்க, மேகலா,” என்று போன சீசனில் எடைமேடை விமல்ராஜ் ஆரம்பித்தான். “மென்பொருள் புகார் மாதிரி டிக்கெட் போட்டு வைங்க, வரிசையில பாக்கறேன்,” என்று அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அவன் வாயே திறக்கவில்லை. இன்று சீசனின் முதல் நாள். ஓசூரிலிருந்து மென்பொருளைச் சரிசெய்ய வந்த மேகலா, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்; அவன் பக்கத்தில் நிற்கிறான். முதல் லோடுக்கு எடைச் சீட்டு வந்தது. இரண்டாவதிலிருந்து திரையில் சிவப்பு எழுத்தில் பிழைதான். ஜன்னலுக்கு வெளியே பன்னிரண்டு லாரி மாம்பழம் வெயிலில் கனிந்து மணக்கிறது. “இன்னும் ஒரு மணி நேரம் போனா ஜூஸ் தானா ஒழுகும் மேடம்!” என்று ஒரு டிரைவர் கத்துகிறார். மேகலா டேட்டாபேஸைத் திறந்து முதல் வரியைப் பார்க்கிறாள். லோடு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்து, ‘உ’. “பிள்ளையார் சுழியா போட்டீங்க?” “முதல் லோடாச்சேங்க,” என்று அவன் தலையைச் சொறிகிறான். முந்தைய எண்ணோடு ஒன்றைக் கூட்டினால்தான் அடுத்த எண் வரும். ‘உ’வோடு ஒன்றைக் கூட்டத் தெரியாமல் மென்பொருள் காலையிலிருந்து திணறுகிறது. அவள் ‘உ’வைக் குறிப்புக் கட்டத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தில் 1 என்று அடிக்கிறாள். “அழிக்கலீங்களா?” “பிள்ளையாரை யாராச்சும் அழிப்பாங்களா?” பிரிண்டர் கரகரவென்று இரண்டாம் சீட்டைத் தள்ளுகிறது. பன்னிரண்டு ஹாரனும் ஒன்றாக முழங்குகின்றன. சீட்டைக் கிழித்து அவன் கையில் கொடுத்தபடி மேகலா சொல்கிறாள்: “உங்க பழைய டிக்கெட் ஒண்ணு பாக்கி இருக்கு. சொல்லுங்க.” ஹாரன் சத்தத்தையும் மீறி விமல்ராஜ் குரலை உயர்த்துகிறான். “எங்க வீட்டுல உங்களைப் பொண்ணு கேட்டு வரச் சொல்லட்டுங்களா?”