ஊர்ச்சனத்தின் தீர்மானம்

“ஊரிலை ஆர் இருக்கலாம், ஆர் இருக்கக்கூடாது எண்டதை அந்த ஊர்ச்சனம்தான் தீர்மானிக்க வேணும். உலகத்திலை மற்றச் சட்டமெல்லாம் அதுக்குப் பிறகுதான்.”

சனசமூக நிலையத் தலைவர் தம்பிராசா இதைச் சொல்லி நிறுத்தியபோது, மண்டபத்துக்குள் புகுந்திருந்த ஆடு ஒன்று தும்மியது. அவர் சால்வையை வீசி அதைத் துரத்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மானிப்பாய்க்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரின் அவசரப் பொதுக்கூட்டத்துக்கு விடயம் ஒன்றுதான்: வெளியார். மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த சிவகௌரியும் புருசனும் நிலையத்தின் பின்வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். குத்தகைக் காணியில் வெங்காயம் நட்டார்கள். கேட்டவர்களுக்கு வேலி அடைத்தார்கள், வளவுகளில் பற்றை வெட்டினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சில குடும்பங்கள் வரப்போவதாகக் கதை அடிபட்டதும்தான் ஊர் விழித்துக்கொண்டது.

சிவகௌரி வாசலில் விளக்குமாறோடு நின்றாள். கூட்டம் முடிந்தபின் மண்டபத்தைக் கூட்டுவதும் அவள் வேலைதான். தான் இருக்கலாமா, போக வேண்டுமா என்பதைக் கேட்டுவிட்டே கூட்டலாம் என்று நின்றாள்.

முதலில் பேசியவர் ஜெபரட்ணம். கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட்டில் கம்பீரமாகத் தெரிந்தார். தனக்கு எந்த மனிதர்மேலும் வெறுப்பில்லை என்று தொடங்கி, அப்படித் தொடங்குகிறவர்கள் வழக்கமாகப் போகும் திசையிலேயே போனார். எதற்கும் ஒரு வரைமுறை வேண்டும், ஒருவனுக்கு இடம் கொடுத்தால் அவன் தன் இனசனம் முழுவதையும் கூப்பிடுவான் என்றார். இடையில் பேச்சு நின்றுபோனது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தலைவர் மரியாதையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் குரல் திரும்பி வந்தது.

“எங்கடை பெடியளுக்குக் கிடைக்க வேண்டிய வேலை, தலைவர். அதைத்தான் உவை பறிக்கினம்.”

அடுத்தவர் பியாட்றிஸ். அவருடைய கவலை பண்பாடு பற்றியது.

“எங்கடை ஒழுங்கை முழுக்க உவையின்ரை சமையல் மணமாம், அண்ணை. கதவு யன்னல் திறக்கேலாமல் கிடக்காம். அதோடை ‘வாங்க, போங்க’ எண்டு கதைச்சு எங்கடை பிள்ளையளின்ரை தமிழும் பழுதாகுது. வந்த இடத்தின்ரை பழக்கத்தைப் பழகத்தானே வேணும்.”

சிவகௌரி தலைவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வேறு ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, பியாட்றிசின் கருத்து ஆழமானது என்றார்.

தலைவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. கிணற்றடியில் விழுந்த நாளிலிருந்து அவர் மனைவி குணலட்சுமி படுக்கையில்தான். காலையில் அவளைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டுவது சிவகௌரி. இதைச் சொல்லலாமா என்று யோசித்தார். சொந்த விடயத்தைப் பொதுக்கூட்டத்தில் கொண்டுவருவது அழகல்ல என்று அந்த நிமிடமே ஒரு கொள்கை வகுத்துக்கொண்டார். வேலைக்கு ஆள் தேவைதானே என்று மட்டும் பொதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

அதற்குப் பதில் சொன்னவன் அவருடைய மகன் கஜீபன். அவன் நடுநிலைவாதி.

“முழுக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, அப்பா. வெங்காயக் காலத்துக்கு மட்டும் வரட்டும். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது. வேலை முடிஞ்சால் வெளிக்கிட வேணும். வேரூண்ட மட்டும் விடக்கூடாது.”

மனிதாபிமானமான திட்டம் என்று பலரும் பாராட்டினார்கள். வேலை முடிந்தபின் அவர்கள் போவார்கள் என்பதற்கு யார் பொறுப்பு என்று பியாட்றிஸ் கேட்டார். வந்தவர்கள் லேசில் போக மாட்டார்கள் என்பது அங்கே எல்லோரும் நன்றாக அறிந்திருந்த விடயமாகத் தெரிந்தது. மனிதாபிமானம் அத்தோடு கைவிடப்பட்டது.

“எனக்கு வேலைக்கு நேரமாகுது, அப்பா. கெதியா வாக்கெடுங்கோ.”

கைகள் உயர்ந்தன. தலைவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கிட்டக் குனிந்து, ஒவ்வொரு கையாக எண்ணினார். எதிர்ப்பு இல்லை. இனிமேல் வெளியாருக்கு ஊரவர் யாரும் வீடோ காணியோ கொடுப்பதில்லை, பின்வீடு மாதக் கடைசிக்குள் காலியாக வேண்டும் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவர்கள் நட்ட வெங்காயத்தைக் கிண்டி எடுக்க அதற்குப் பிறகும் நாள் இருந்தது.

தம்பிராசா வாசல் பக்கம் திரும்பினார்.

“குறை நினையாதை, பிள்ளை. ஊர் முழுக்க ஒரு பக்கம் நிக்குது. நான் தனி ஆள், என்ன செய்யேலும்?”

“சரிங்க ஐயா,” என்றாள் சிவகௌரி. “மாசக் கடைசி வரைக்கும் அம்மாவத் தூக்கி உக்கார வைக்க வர்றேன். அப்புறம் யாரையாச்சும் பாத்துக்குங்க.”

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மடிக்கணினியை நிறுத்தத் தெரியாமல் அங்கே இங்கே அழுத்திப் பார்த்துவிட்டு, அதை அவள் பக்கம் தள்ளினார். அவள் மூடினாள். ரொறன்ரோவிலிருந்த கஜீபன், லண்டனிலிருந்த ஜெபரட்ணம், ஒஸ்லோவிலிருந்த பியாட்றிஸ், மற்ற ஊர்ச்சனம் எல்லாம் அதற்குள் அடங்கிப்போயினர்.

பிறகு அவள் மண்டபத்தைக் கூட்டினாள். அதிக நேரம் எடுக்கவில்லை. உட்காரப் போட்டிருந்தது ஒரு கதிரைதான்.