எந்தக் கம்பெனி ஆள்?

சட்டைக்கு இஸ்திரி போட்டு, முகத்தை மழித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு ஒரு ஆள் கதவைத் தட்டினால், எதையோ நம் தலையில் கட்ட வந்திருக்கிறான் என்று நொர்மாவுக்குத் தெரியும். கதவில் இருந்த துளை வழியே பார்த்தாள். நின்றது மூன்றாம் மாடி ஓரெஸ்தே.

சங்கிலியைக் கழற்றாமல் ஒரு சாண் திறந்தாள். "என்ன பெரியவரே, ஞாயித்துக்கிழமை அதுவுமா இந்தக் கோலம். கோர்ட்டுக்கா, சாவுக்கா?"

"உங்களைப் பார்க்கத்தான். உங்க வீட்டு கேஸ், கரண்ட்டு கனெக்ஷன் விஷயம் முடிவு பண்ணிட்டீங்களா?"

நொர்மாவின் கை சங்கிலிக்குப் போனது. இவருமா?

இப்போது வீட்டுக்கு கேஸும் கரண்ட்டும் தரும் கம்பெனி வருஷம் பிறந்ததும் விலையைக் கூட்டப் போகிறது. வேறு கம்பெனிக்கு மாறுவதா, இதிலேயே கிடப்பதா என்று இந்த மாதத்துக்குள் அவள் முடிவு செய்தாக வேண்டும். போன தடவை மாதிரி இன்னொரு தடவை ஏமாந்தால் தாங்காது.

போன குளிர்காலத்தில் போனில் ஒரு பெண் குரல், "நொர்மாதானே பேசறது?" என்றது. "ஆமா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வெட்டி ஒட்டி, கம்பெனி மாற அவளே சம்மதித்ததாக ஆக்கிவிட்டார்கள். வந்த பில்லைப் பார்த்து ஹீட்டரை அணைத்துவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டே சாப்பிட்டாள், கோட்டோடே தூங்கினாள். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை செய்த பகல் நேரம்தான் அவளுக்குக் கதகதப்பு.

அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் 'ஆமா' என்ற சொல் அவள் வாயில் வருவதில்லை. அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்து புகார் எழுதிக்கொடுத்து அவளை மீட்டவர் ஓரெஸ்தே. இரும்பு ஆலையில் உழைத்து ஓய்ந்த தனிக்கட்டை. கட்டடத்தில் அவள் நம்பிய ஒரே ஆள்.

ஆனால் புது ஆளைச் சேர்த்துவிட்டால் சேர்த்தவர் பில்லில் கழித்துக்கொடுக்கிறார்கள். அதற்கு ஆசைப்பட்டு ஒரு பக்கத்து வீட்டுக்காரரை இன்னொருவர் பிடித்துக்கொடுப்பது இப்போது நடக்கிற கூத்துதான்.

"சமையல் கேஸ்லதானே?" என்றார் ஓரெஸ்தே.

"பட்டினி கிடக்கலை."

"படுக்கற ரூம்லயும் ஹீட்டர் உண்டா?"

"நான் எங்க படுத்தா கம்பெனிக்கு என்ன?"

அவர் சிரிக்கவில்லை. வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. உள்ளே போனில் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு 'ஆமா'வுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

"முதல்ல கையை வெளிய எடுங்க."

எடுத்தார். கையில் ஒன்றும் இல்லை. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பித்தானைத் திருகினார். பொய் சொல்லிப் பழகாத கை அப்படித்தான் அலையும் என்று நினைத்துக்கொண்டாள்.

"வெந்நீர் எப்படி வருது? ஒருத்தர் குளிச்சதும் இன்னொருத்தர் குளிச்சா சூடு தாங்குமா?"

பாய்லரையும் சேர்த்தே விற்கிறார்களா! "குளிக்கறது நான் ஒருத்தி. ஒரே நாள்ல ரெண்டு தடவை குளிக்கற அளவுக்கு அழுக்கும் இல்லை."

"கோவிச்சுக்காதீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஒரு வீட்டு கேஸ், கரண்ட்டு ரெண்டையும் அடியோட மூடணும்னா ரொம்ப இழுத்தடிப்பாங்களா? நீங்க அலைஞ்சவங்க, அதான் கேக்கறேன்."

அடியோடு மூடுவதா? மாற்று, மாற்று என்று வந்தவர்கள் நிறைய உண்டு. மூடச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. இருட்டில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் சொன்ன விலைக்கு விற்கிற புதுத் தந்திரம் போலிருக்கிறது.

"ஓரெஸ்தே, அன்னிக்கு எனக்காகப் புகார் எழுதின மனுஷன் எங்க போனாரு? என்னைச் சேர்த்துவிட்டா உங்க பில்லுல எவ்வளவு கழிக்கறாங்க?"

அவர் தன் பாதங்களைப் பார்த்தார். "எல்லாம் நல்லபடியா நடந்தா எனக்குன்னு பில்லே வராது."

"முழுசாவே தள்ளிடறாங்களா! அப்ப என்னை நல்ல விலைக்குத்தான் வித்திருக்கீங்க."

கதவைச் சாத்தப் போனாள். கோபத்தைவிட அழுகைதான் முன்னால் வந்தது. இனிமேல் ஒரு காகிதம் புரியவில்லை என்றால் இந்த மாடிப்படியில் யாரிடம் போய்க் கேட்பது?

ஓரெஸ்தே கதவு நிலையில் உள்ளங்கையை வைத்தார். "ஒரு நிமிஷம் நில்லுங்க, நொர்மா. நேத்துப் பூரா மனசுக்குள்ள பேசிப் பார்த்தேன். இங்க வந்ததும் எல்லாம் தலைகீழாப் போச்சு."

"எந்தக் கம்பெனி? பேரைச் சொல்லுங்க. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

"கம்பெனி எதுவும் இல்லை."

"அப்புறம் எதுக்கு என் அடுப்பை மூடச் சொல்றீங்க?"

ஓரெஸ்தேயின் காது மடல்கள் சிவந்துவிட்டன. கீழே யாரோ படியேறும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க அடுப்பை யாரு மூடச் சொன்னது? நீங்க என்னைக் கட்டிக்கச் சம்மதிச்சா, மூடப் போறது என் வீட்டு அடுப்பை."