லினக்ஸ் ஏறிய லேப்டாப்

"உங்க லேப்டாப்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடலாம்ப்பா. பழைய மெஷின், கொஞ்சம் வேகமா ஓடும்" என்று மகள் ஒரு மாதமாக நச்சரித்தாள்.

"ஆபீஸ் சாஃப்ட்வேர் அதுல ஓடாதும்மா. ஞாயித்துக்கிழமை மேனேஜர் வேலை அனுப்பினா என்ன பண்றது?"

"அதுக்குத்தான் போடச் சொல்றா" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

அவர் லேப்டாப்பை மகளிடம் நீட்டினார். அன்று மாலையே லினக்ஸ் ஏறிவிட்டது.

அடுத்த ஞாயிறு மேனேஜர் ஃபோன் செய்தபோது, லேப்டாப்பில் லினக்ஸ் ஏறிவிட்டதை அவர் சொன்னார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார்.

"கதவைச் சாத்துங்க. லினக்ஸ் போட்டா ஆபீஸ் வேலை எதையுமே வீட்ல பண்ண முடியாதா?"

"முடியாது சார். வேணும்னா இன்னிக்கே பழையபடி மாத்திடறேன்."

"அதைத் தொடாதீங்க."

மேனேஜர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"இது என் வீட்டு லேப்டாப். உங்க பொண்ணுகிட்ட குடுத்து இதுலயும் போடச் சொல்லுங்க."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எப்ப வேணும் சார்?"

"சனிக்கிழமைக்குள்ள. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா முதலாளி என்னைக் கூப்பிட்டுடுவார்."