புதுப் பலகையின் குழப்பம்

ஐந்தாம் வகுப்புக்குப் புதுக் கரும்பலகை வந்தது. பிள்ளைகளுக்குப் போட்டுவந்த காலை உப்புமாவை நிறுத்தி, அந்தக் காசில் வாங்கிய பலகை. அந்தச் சங்கதி பலகைக்குத் தெரியாது.

வந்த நாளிலிருந்தே அதற்கு ஒரே குழப்பம். எழுத்து பளிச்சென்று இருந்தும், வகுப்பிலேயே கெட்டிக்காரியான செல்லக்கிளி பத்து மணிக்கே பெஞ்சில் தலை சாய்த்தாள். பரீட்சையிலும் கோட்டைவிட்டாள்.

"என்கிட்ட ஏதாவது குறையா அண்ணே?" என்று, மூலையில் கவிழ்ந்துகிடந்த உப்புமா அண்டாவிடம் பலகை கேட்டது.

"உன்கிட்ட என்ன குறை? புள்ளைக்குப் பசி, கண்ணைக் கட்டுது" என்றது அண்டா.

"அப்புறம் எதுக்கு என்னை வாங்கினாங்க?"



அதற்குள் மதிப்பெண் பட்டியலோடு கல்வி அதிகாரி வந்தார். பலகையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது போதாது. இன்னும் பெரிய பலகையா வாங்கிடுவோம்" என்றார்.