ஐந்தாவது கோளாறு

"அந்த நர்ஸ் உங்களை ஊருக்கு விடமாட்டாங்க போலிருக்கே, பிரதர்," என்றார் குழுத் தலைவர். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

குழுவோடு வந்திருந்த மெக்கானிக் ஜெனரேட்டர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

மணி மூன்றரை. நான்கு மணிக்கு விமான நிலையத்துக்கு வேன். கடல் கடந்து வந்து இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் ஊழியம் செய்த குழு, சிற்றாலயத்தில் விடைபெறும் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அவன் பெட்டியை யாரோ ஏற்கெனவே வேனில் ஏற்றிவிட்டார்கள்.

ஐந்து மணிக்குக் கரண்ட் போகும். தினமும் போகும், இரண்டு மணி நேரம் வராது. வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் எடை குறைந்த இரண்டு சிசுக்கள். ஜெனரேட்டர் ஓடாவிட்டால் பெட்டி குளிர்ந்துவிடும்.

"ஒரே வாரத்துல அஞ்சாவது தடவை," என்றார் தலைவர். "பேட்டரி வயர், ஃபியூஸ், பெல்ட், டீசல்ல காத்து. ஒரு தடவை வந்தது மறு தடவை வரல. அதுவும் கரண்ட் இருக்கிற நேரமாப் பார்த்துக் கெடுது. ஒவ்வொரு தடவையும் முதல்ல ஓடிவந்து சொல்றது யாரு?"

"நர்ஸ்."

"சொல்லிட்டுப் போறாங்களா? நீங்க முடிக்கிற வரைக்கும் இங்கேயே நிக்கறாங்க. குழுவுல எல்லாரும் வாய்விட்டுப் பேச ஆரம்பிச்சாச்சு. உங்க வீட்டம்மா காதுல விழறதுக்குள்ள வந்து வண்டில ஏறுங்க."

"இது ஓடாம எப்படி ஏறறது?"

"பிளேன் எனக்காகவும் நிக்காது, உங்களுக்காகவும் நிக்காது." தலைவர் போய்விட்டார்.

அவர் போனதும் நர்ஸ் வந்தாள். நாற்பது வயதிருக்கும். சீருடைப் பையில் பேனாவும் கட்டுத்துணி வெட்டும் கத்தரியும் துருத்திக்கொண்டிருந்தன.

"பிள்ளைங்க தூங்குது. அஞ்சு வரைக்கும் பயமில்ல," என்றாள்.

"உள்ள வராதீங்க. கை அழுக்காகும்."

அவள் உள்ளே வந்தாள்.

டீசலில் புகுந்த காற்றை வெளியேற்ற, பம்பின் மேலிருந்த திருகைத் தளர்த்தி, கை நெம்புகோலை அழுத்தினான். டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. நுரை அடங்கியதும் திருகை முடுக்கிச் சாவியைத் திருப்பினான். இருமல். மறுபடி நுரை, மறுபடி இருமல். காற்று எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டே இருந்தது.

பாட்டு நின்றது. வேன் ஹாரன் அடித்தது.

அவன் ஸ்பேனரைத் தரையில் போட்டான். "சிஸ்டர், மூடி மறைக்காம பேசிடறேன். நான் கல்யாணம் ஆனவன்."

"எனக்கும்தான் ஆகியிருக்கு. அந்த ஒண்ணே தாங்கல."

"விளையாடாதீங்க. முன்னாடி நாலு தடவையும் கெடுத்தது நீங்கதானே?"

நர்ஸ் தரையைப் பார்த்தாள். "ஆமா."

அவனுக்குக் காது சூடானது. சந்தேகப்பட்டிருந்தான், ஒப்புக்கொள்வாள் என்று நினைக்கவில்லை.

"எனக்காக ரெண்டு பிள்ளைங்க உயிரோட விளையாடுவீங்களா? இப்ப எதைக் கழட்டினீங்க? சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

ஹாரன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை விடாமல் அடித்தது.

நர்ஸ் அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள். பம்பைத் தொடவில்லை. பம்பிலிருந்து டாங்கிக்குப் போகிற ரப்பர் குழாயில் விரலை வைத்து, ஊசி போட நரம்பு தேடுவதுபோல மெதுவாக அழுத்திக்கொண்டே போனாள். டாங்கிக்கு அடியில், கை நுழையாத இடத்தில் விரல் நின்றது. வெளியே எடுத்தபோது நுனி ஈரமாக இருந்தது.

குழாயைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினாள். கிளிப் பிடிக்கும் இடத்தில் ரப்பர் காய்ந்து மயிரிழை அளவு வெடித்திருந்தது.

கத்தரியை எடுத்தாள். வெடித்த ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்துச் செருகிக் கிளிப்பை முடுக்கினாள். பிறகு திருகு, நெம்பு, நுரை. நுரை போய்த் தெளிந்த டீசல் வழிந்ததும் திருகை மூடினாள். எல்லாம் அவன் செய்கிற வரிசை. ஒன்றுகூட முன்பின் ஆகவில்லை.

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரே பிடியில் எடுத்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

மெக்கானிக் எழுந்து நின்றான். சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. "இதெல்லாம் கத்துக்கவா கெடுத்தீங்க? கேட்டிருக்கலாமே!"

"வந்த அன்னிக்கே கேட்டேன். ஊசி போடறதும் இதும் ஒண்ணான்னு சிரிச்சீங்க. நாளையிலிருந்து இங்க யாரு இருக்கா? ரிப்பேர் ஆனாத்தானே நீங்க பண்றதைப் பார்க்க முடியும்?"

"அதுக்காக, கிளம்பற நேரத்துல வந்து குழாயைக் கெடுக்கணுமா?"

வாசலில் தலைவர் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் கத்தரியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இதை நான் தொடவே இல்ல, பிரதர்."