ஆமை புகுந்த அறை

"உள்ள போனது நீங்கதானே?"

ஆய்வு மாணவி கேட்டதும் தொழில்நுட்ப ஊழியர் தலையசைத்தார். அணு உலைக் கூடத்தில் அவருக்கு 'ஆமை' என்று பெயர். ஓரடி பலமாக வைத்தாலும் அளவீடு கலைந்துவிடும் என்பதால், முப்பது ஆண்டுகளாக அங்கே ஊர்ந்தே பழகியவர்.

அளவீடு அத்தகையது. நியூட்ரான் கற்றையைப் படிகத்தால் இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் சுழலும் காந்தப்புலத்தின் வழியே அனுப்பி, மீண்டும் இரண்டையும் சேர்க்க வேண்டும். சேருமிடத்தில் தெரியும் இம்மியளவு பிசகுதான், சுழற்சி நியூட்ரானை என்ன செய்கிறது என்பதைச் சொல்லும்.

அந்தப் பிசகைக் காண அவள் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து ஆறு நாள் பெற்றிருந்தாள். ஐந்து நாள் கருவியைச் சரிசெய்வதிலேயே கழிந்தது. ஆறாம் நாள் காலையில் தொடங்கிய அளவீடு, பிற்பகல் மூன்று மணியளவில் கலைந்துபோயிற்று. வெளியே திரையின் முன் அமர்ந்தபடியே அவள் கண்ணயர்ந்திருந்த நேரம் அது. மூன்று மணி ஏழு நிமிடத்துக்குக் கருவி இருந்த அறையின் கதவு திறந்ததாகப் பதிவு காட்டியது.

"உள்ள போகக்கூடாதுன்னு எல்லாருக்கும் பாடம் எடுக்கிறதே நீங்க. ஒரு ஆளோட உடம்புச் சூடே போதும், எல்லாத்தையும் கெடுக்க. தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் போனீங்க?"

அவர் தம் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

சொன்னபின் அவளுக்கே அலுப்பாக இருந்தது. இந்த முடிவு இல்லாமல் ஆய்வேட்டை ஏற்க மாட்டோம் என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. அடுத்த வாய்ப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள்.

கூடத்தின் பொறுப்பாளர் வந்து பதிவைப் பார்த்தார். விதி தெளிவானது. ஆய்வு செய்ய வந்தவரின் தவற்றால் கெட்டால், அந்த நாள் போனது போனதுதான். கூடத்து ஊழியரின் தவற்றால் கெட்டால், மாற்று நாள் தந்தாக வேண்டும். நாளையே அளந்துகொள்ளுமாறு அவளிடம் கூறிவிட்டு, ஊழியரைத் திங்கள் முதல் கிடங்குக்கு மாற்றி எழுதினார்.

ஊழியர் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார்.

மாலையில் அவள் கிளம்பும்போது, அவர் வாயிலருகே நின்றிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கைபேசியை எடுத்து நீட்டினார்.

"வீட்டுக்குப் பேசிடுங்கம்மா. ஏழு தடவை கூப்பிட்டிருக்காங்க."

அவளுடைய கைபேசி. அன்று முழுவதும் அதைத் தேடக்கூட அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"இது எங்க இருந்துச்சு?"

"படிக மேடை மேலம்மா. விடாம அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. அதை எடுக்கத்தான் உள்ள போனேன்."