சானல்கரைச் சுவர்

கவுன்சிலர் சுயம்பு இன்றும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். மழையில் சானல்கரை ரோட்டிலிருந்து பைக்கோடு கால்வாய்க்குள் விழுந்த விபின், ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடந்தான்.

“சொந்தக்காரங்களே எட்டிப் பாக்கல்ல. நீங்கதான் தெனமும் வாறிய அண்ணாச்சி,” என்றாள் அவன் மனைவி இந்துஜா.

“நம்ம வார்டுப் பையன்லா மக்கா. டாக்டர் என்ன சொல்லுதாரு?”

“இன்னைக்குத் தாண்டிட்டா பயமில்லையாம். அந்தக் கரையில ஒரு சுவரு இருந்திருந்தா இவரு விழுந்திருப்பாரா?”

“அதுக்குத்தான் நானும் அலையுதேன். நாளைக்குக் காலையில கவுன்சில் கூட்டம். அதுக்கு முன்ன இவன் நெலம தெரிஞ்சா நல்லது.”

“உங்களுக்கு எவ்வளவு வேலை கெடக்கும்! போயிட்டு வாங்க அண்ணாச்சி.”

அவர் போகவில்லை. ஐ.சி.யூ. கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் நர்ஸ் வெளியே வந்தாள். “கண்ணு முழிச்சிட்டாரு. இனி பயமில்ல.”

இந்துஜா அழுதுகொண்டே சுயம்புவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “நீங்க வேண்டிக்கிட்டதுதான் அண்ணாச்சி!”

சுயம்பு வராந்தாவுக்குப் போய், நகராட்சித் தலைவருக்குப் போன் போட்டார்.

“தலைவரே, இந்த மழையில மூணு பேர் செத்த இடத்துக்குத்தான் வெள்ளத் தடுப்பு நிதின்னு தீர்மானம் போட்டோம்லா? எங்க சானல்கரையில ரெண்டு சாவுதான் தேறிச்சு. மூணாவது ஆளு பிழைச்சிட்டான். சுவரு போச்சு.”

“அதுக்கு ஏன்வே சத்தம் எறங்குது?” என்றார் தலைவர். “உமக்காகக் கூட்டத்த அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கேன். மழை இன்னும் விடல்லேல்லா?”